சீழ் பிடித்தது யார் குற்றம்?

தென்னை மரத்திலிருந்து விழுந்து முதுகெலும்பு முறிந்தவர். இரவு ஷிப்ட் முடிந்து திரும்புகையில் லாரி மோதி மண்டை உடைந்தவர். சர்க்கார் ஆஸ்பத்திரியில் ஆபரேஷன் நடக்கிறது. பத்தாம் நாள் காய்ச்சல் அடிக்கிறது, தையலில் சீழ், கழுத்து விறைக்கிறது. கனவான்கள் உடனே காரணம் கண்டுபிடித்து விடுகிறார்கள்: "சுத்தம் கிடையாது. பீடி குடிக்கிறான். சர்க்கரை வியாதியைக் கவனிக்கவில்லை!"

இதில் கொஞ்சம் உண்மை உண்டு. மறைக்க நமக்கு அவசியமில்லை. கட்டுக்கடங்காத சர்க்கரையும் புகையும் ஊட்டமற்ற உடம்பும் புண் ஆறுவதைக் கெடுக்கும். (ரேஷன் அரிசியில் வாழும் உடம்புக்கு ஊட்டம் எங்கிருந்து வரும் என்பதை அவர்களே சொல்லட்டும்.) ஆனால் மீதி உண்மையை ஏன் விழுங்குகிறார்கள்?

மூளையும் தண்டுவடமும் ஓர் உறைக்குள் நீரில் மிதக்கின்றன. ஆபரேஷனுக்குப் பின் அந்த உறை சரியாக மூடாமல் நீர் கசிந்தால், அது வெளியேறும் வழியாகவே கிருமி உள்ளே போகும். மண்டைக்குள் அழுத்தத்தைக் குறைக்க வைக்கும் குழாயும் அப்படித்தான். நாள் ஏற ஏற, பல கை பட்டுப் பட்டு, ஆபத்து ஏறும். ஆபரேஷன் மணிக்கணக்கில் நீண்டால், அவசரத்தில் நடந்தால், மூடிய இடத்தை மறுபடி திறந்தால், முதுகில் ஸ்க்ரூவும் கம்பியும் பொருத்தினால் ஆபத்து கூடும். இவற்றில் எது நோயாளியின் பீடி?

தடுக்கும் வழியும் ரகசியமல்ல. உலக சுகாதார நிறுவனம் 2016ல் எழுதியே வைத்தது. ஆன்டிபயாட்டிக் தேவைப்படும் ஆபரேஷனில், கத்தி வைப்பதற்கு முந்திய 2 மணி நேரத்துக்குள் அது உடம்பில் ஏறியிருக்க வேண்டும். முடியைச் சவரக்கத்தியால் மழிக்கக் கூடாது. அவசியமானால் கிளிப்பரால் வெட்டினால் போதும். சவரக்கத்தி கண்ணுக்குத் தெரியாத கீறல் போடும், அதில் கிருமி குடியேறும்.

கை கழுவுவதோ இன்னும் பழைய பாடம். 1847ல் வியன்னா ஆஸ்பத்திரியில் பிள்ளை பெற்ற தாய்மார்கள் ஜுரத்தில் செத்தார்கள். பிணத்தை அறுத்த கையோடு டாக்டர்கள் பிரசவம் பார்த்தார்கள். குளோரின் சுண்ணாம்பு நீரில் கை கழுவ வைத்தார் செம்மல்வெய்ஸ், சாவு சரிந்தது. ஆயினும் பெரிய டாக்டர்கள் பலர் அவரை ஏற்கவில்லை. கனவான்களின் கையை அழுக்கு என்று சொல்லலாமா!

கழுவ நேரம் வேண்டாமா? கட்டிலுக்குக் கட்டில் ஓடும் நர்ஸுக்கு அந்த நேரத்தைத் தருவது யார்? 2015ல் தமிழ்நாட்டில் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலம் ஆயிரக்கணக்கான நர்ஸ்களை மாதம் 7,700 ரூபாய்க்கு ஒப்பந்தத்தில் எடுத்தார்கள். நிரந்தர வேலை கேட்டு 2017 நவம்பரில் சென்னை டி.எம்.எஸ். வளாகத்தில் அவர்கள் திரண்டார்கள். அது நம் தையலுக்கும் காவலான போராட்டம்.

இதைச் சாக்கிட்டுத் தனியாரிடம் ஓடு என்பவனை நம்பாதீர்கள். 1950ல் சென்னை ஜெனரல் ஆஸ்பத்திரியில் டாக்டர் ராமமூர்த்தி நரம்பு ரண சிகிச்சைப் பிரிவைத் தொடங்கியதால்தான் ஏழையின் மண்டைக்கும் வைத்தியம் கிடைத்தது. அது நம் சொத்து.

வீடு திரும்பியவருக்குத் தையலிலோ மூக்கிலோ தெளிந்த நீர் ஒழுகினால், காய்ச்சலோடு கழுத்து விறைத்தால், அன்றைக்கே ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போங்கள். சங்கங்கள் இன்னொன்றும் கேட்க வேண்டும்: எந்த வார்டில் எத்தனை ஆபரேஷன், எத்தனை பேருக்குச் சீழ் பிடித்தது என்ற கணக்கை மாதாமாதம் வாசலில் ஒட்டட்டும். ஆலையில் உற்பத்திக் கணக்கை முதலாளி ஒட்டவில்லையா?