பாவையைத் தூக்கும் தோள்

ஜொகூரின் மாசாயிலிருந்து எந்தப் பக்கம் வண்டியைத் திருப்பினாலும் சிறிது தூரத்தில் செம்பனை மரங்கள் வந்துவிடும். அங்கே குலை வெட்டுபவரைக் கவனித்திருப்போம். நீண்ட கம்பின் நுனியில் அரிவாள், அண்ணாந்த கழுத்து, தோளுக்கு மேல் உயர்ந்த இரண்டு கைகள். மாலையில் அவர் கழுத்தைப் பிடித்துக்கொண்டு உட்காரும்போது, அந்த வலி எங்கிருந்து வந்தது என்று யாரும் அவரிடம் கேட்பதில்லை. தெரிந்த வலி அது.

மறைப்புத் திரைக்குப் பின்னால் நின்று, கோலில் பொருத்திய பாவையைத் தலைக்கு மேல் உயர்த்தி ஆட்டும் கலைஞரும் ஏறத்தாழ அதே கோலத்தில்தான் நிற்கிறார். அவர் தோள் வலிக்கிறது என்றால் மட்டும், “பொம்மைதானே, அதில் என்ன பாரம்?” என்கிறோம். பள்ளி விழாவுக்கோ கோயில் திருவிழாவுக்கோ பாவைக்கூத்து போட நினைக்கும் நம் ஆசிரியர்களும் இளைஞர்களும் இந்தக் கேள்விக்கு விடை தெரிந்துகொண்டு தொடங்குவது நல்லது. கதை, வசனம், பாட்டு ஆகியவற்றுக்கு ஒத்திகை பார்க்கிறோம். இவை எல்லாவற்றையும் சுமக்கப்போகும் உடலுக்கு ஒத்திகை பார்ப்பதில்லை.

முதலில் பாரத்தையே எடுத்துக்கொள்வோம். தமிழ்நாட்டின் பொம்மலாட்டப் பாவைகள் இந்தியாவின் மரபான கயிற்றுப் பாவைகளில் மிகப் பெரியவை, மிகக் கனமானவை. ஒரு பாவை நாலரை அடி உயரமும் பத்து கிலோ எடையும் இருக்கலாம். கும்பகோணத்தில் மணி ஐயரின் ஸ்ரீ முருகன் சங்கீத பொம்மலாட்ட சபா புகழ்பெறச் செய்த கலை இது. பாவையின் கயிறுகளை ஓர் இரும்பு வளையத்தில் கட்டி, அந்த வளையத்தைக் கலைஞர் கிரீடம்போலத் தலையில் அணிகிறார். பாவையின் கைகளைக் கம்பிகளால் இயக்குகிறார். பாவை ஆட வேண்டுமானால் அவர் தலையும் கழுத்தும் முதுகும் சேர்ந்து ஆட வேண்டும்.

தோல்பாவை இதற்கு நேர்மாறு. பதப்படுத்திய தோலில் செதுக்கிய உருவத்துக்கு எடை என்று சொல்லத்தக்கதாக எதுவும் இல்லை. ஆனால் தோல்பாவைக் கலைஞருக்கும் தோள் வலி, மணிக்கட்டு வலி, இடுப்பு வலி எல்லாம் உண்டு. எடையே இல்லாத பாவை எப்படி வலியைத் தருகிறது என்பதில்தான் பலருக்கும் குழப்பம்.

தசை சுருங்கி விரியும்போது இரத்தக் குழாய்களையும் பிசைந்து விடுகிறது. புது இரத்தம் வருகிறது, கழிவு வெளியேறுகிறது. நடக்கும்போது இதுதான் நடக்கிறது. அசையாமல் ஒன்றைப் பிடித்து நிற்கும்போது தசை சுருங்கியபடியே இருக்கிறது; குழாய்கள் நெரிபடுகின்றன. தன் முழு வலுவில் பாதியைச் செலுத்தி அசையாமல் நிற்கும் தசை ஓரிரு நிமிடங்களுக்கு மேல் தாங்குவது கடினம். இரண்டு மணி நேரம் நடக்க முடிந்தவருக்கு அரை மணி நேரம் அசையாமல் நிற்பது கடினமாக இருப்பதும் இதனால்தான்.

இதோடு தூரமும் சேர்ந்துகொள்கிறது. அறுபது கிலோ எடையுள்ள ஒருவரின் ஒரு கை மட்டுமே ஏறத்தாழ மூன்று கிலோ இருக்கும். பாவையைத் தொடுவதற்கு முன்பே தோள் அந்த மூன்று கிலோவைத் தாங்குகிறது. இனி, ஒரு கிலோ பாவையைத் தோளிலிருந்து 30 செண்டிமீட்டர் தள்ளிப் பிடிப்பதைவிட 60 செண்டிமீட்டர் தள்ளிப் பிடித்தால் தோளின் மீது விழும் திருகுவிசை இரண்டு மடங்கு. வெறும் கையைப் பக்கவாட்டில் நீட்டி மூன்று நிமிடம் வைத்துப் பாருங்கள். தராசு காட்டும் எடை ஒரு கணக்கு. எவ்வளவு தூரத்தில், எவ்வளவு நேரம் பிடிக்கிறோம் என்பது இன்னொரு கணக்கு. பாவையாட்டியை வருத்துவது இரண்டாவது கணக்குதான்.

கையைத் தலைக்கு மேல் உயர்த்தும் ஆட்டத்தில் மூன்றாவது ஒன்றும் உண்டு. தோள் மூட்டுக்கு மேலே கூரைபோல ஓர் எலும்பு இருக்கிறது. அந்தக் கூரைக்கும் மேற்கை எலும்புக்கும் நடுவே உள்ள சந்தில் ஒரு தசைநாண் ஓடுகிறது. கை உயரும்போது தோள்பட்டை எலும்பும் கூடவே மேல்நோக்கிச் சுழன்றால்தான் அந்தச் சந்துக்கு இடம் கிடைக்கும். அதைச் சுழற்றும் முதுகுத் தசைகள் களைத்துவிட்டால் இடம் குறுகி, நாண் உரசலாம். ஆகவே தோள் வலிக்குத் தோளில் தைலம் தேய்ப்பதோடு நிறுத்திக்கொள்வது போதாது. முதுகின் மேற்பகுதியை வலுவாக்க வேண்டும்.

வலி எந்த இடத்தில் வரும் என்பது ஆட்டத்தின் வகையைப் பொறுத்தது. கிளந்தானின் வாயாங் கூலிட் நிழற்பாவைக் கூத்தில், டாலாங் எனப்படும் கலைஞர் கூடாரத்துக்குள் சம்மணமிட்டு உட்கார்ந்தே முழுக் கதையையும் நடத்துகிறார். இராமன், சீதை, இராவணன் எல்லோருக்கும் குரல் அவருடையது. பாவைகளை அசைப்பதும் அவர்தான். அவருக்குச் சோதனை முழங்காலிலும் இடுப்பிலும். கேரளத்தின் பத்ரகாளி கோயில்களில் கம்பராமாயணத்தை அடிப்படையாகக் கொண்டு நடக்கும் தோல்பாவைக்கூத்து, இரவுக்கு இரவு தொடர்ந்து 21 இரவுகள் வரையும், அதற்கு மேலும்கூட நடப்பதுண்டு. 2021இல் பத்மஸ்ரீ பெற்ற இராமச்சந்திர புலவரின் குடும்பம் தலைமுறைகளாக இதைச் செய்கிறது. வரிசையாக எரியும் விளக்குகளின் வெப்பத்தில், தூக்கமில்லாமல், பாட்டும் விளக்கமுமாக விடிய விடியப் பேசுவது தனிச் சோதனை. அங்கே மூச்சும் நீரும் உறக்கமும்தான் முதல் தேவை.

இந்தக் கலைகளை உற்றுப் பார்த்தால், உடலைக் காக்கும் அறிவு அவற்றுக்குள்ளேயே இருப்பது தெரியும். டாலாங்கின் முன்னால் கிடத்தியிருக்கும் வாழைத்தண்டைப் பாருங்கள். பேசாத பாவைகளை அவர் அதில் குத்தி நிறுத்திவிடுகிறார். பாவை மேடையில் இருக்கிறது, கை ஓய்வெடுக்கிறது. கேரளத்தில் பாவையை முள்ளால் திரையில் குத்தி வைக்கிறார்கள், பலனும் அதுவே. பொம்மலாட்டம் நேரே கதைக்குள் பாய்வதில்லை. விநாயகர் பூசை, கோமாளி என்று முன்னாட்டங்கள் வருகின்றன. அவற்றுக்குச் சடங்குக் காரணம் உண்டு. உடம்பை மெல்ல வேலைக்குள் இறக்கவும் அந்த வரிசை உதவும் என்பது என் கருத்து.

ஜப்பானியரின் புன்ராக்கு இன்னொரு பாடம் தருகிறது. அங்கே ஒரு பாவையை மூவர் இயக்குகிறார்கள்: தலைக்கும் வலக்கைக்கும் ஒருவர், இடக்கைக்கு ஒருவர், கால்களுக்கு ஒருவர். காலுக்குப் பத்து ஆண்டு, இடக்கைக்குப் பத்து ஆண்டு பழகிய பிறகே தலைக்கு வரலாம் என்பது அவர்கள் வழக்கு. தலைமைக் கலைஞர் உயரமான மரக் காலணி அணிந்து நிற்பதால், கால்களை இயக்குபவருக்குக் குனிந்து வேலை செய்யச் சற்று இடம் கிடைக்கிறது. பாரத்தைப் பகிர்வது, உடல் பழகக் காலம் கொடுப்பது, நிற்கும் இடத்தை உடலுக்கு ஏற்ப அமைப்பது என்ற மூன்றும் அங்கே ஒழுங்காகவே ஆகிவிட்டன. 1919இல் பிறந்த யோஷிதா தாமாவோ என்ற கலைஞர் எண்பது வயதைக் கடந்தும் பாவையை இயக்கினார்.

நம் ஊரில் இதைத் தொடங்குபவர் என்ன செய்யலாம்? அடிப்படை எல்லோருக்கும் பொதுவானதுதான். வாரத்துக்கு 150 நிமிடமாவது மிதமான வேகத்தில் உடலை இயக்க வேண்டும், இரண்டு நாளாவது தசைகளை வலுப்படுத்த வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் பெரியவர்களுக்கு வழிகாட்டியிருக்கிறது. விறுவிறுவென்ற நடை போதும். மூச்சு நீளும், குரலும் அதனால் பயன்பெறும்.

தசைக்குத் தனியாக ஜிம் தேவையில்லை. தோப்புக்கரணம் தொடைக்கும் முழங்காலுக்கும் வலு தரும். சுவரில் கை ஊன்றிச் செய்யும் தண்டால் தோள்பட்டையைச் சுழற்றும் தசைகளுக்கு நல்லது. ரப்பர் பட்டையைக் கதவுப் பிடியில் மாட்டி, முழங்கையைப் பின்னால் இழுப்பது மேல்முதுகுக்கு. சிலம்பம் தெரிந்தவர்கள் பாதி தூரம் வந்துவிட்டார்கள். கம்பு சுழற்றுவதில் மணிக்கட்டும் தோளும் காலூன்றலும் சேர்ந்தே பழகுகின்றன. தலையில் வளையம் சுமப்பவருக்குக் கழுத்தை நேராக வைக்கும் பழக்கமே காப்பு. தண்ணீர்க் குடம் சுமந்த நம் பாட்டிமார் சும்மாடு வைத்து நிமிர்ந்து நடந்தது அதனால்தான். பாரம் முதுகெலும்பின் மேல் நேரே இறங்கினால் எலும்பு தாங்கும். தலை சாய்ந்தால் அந்த வேலை முழுவதும் கழுத்துத் தசையின் மேல் விழும்.

கைவிரல் விஷயத்தில் ஒரு தவறான எண்ணத்தைத் திருத்த வேண்டும். பிடி வலுவாக வேண்டும் என்று பலர் பந்தை அமுக்கிப் பழகுகிறார்கள். பாவையாட்டியின் விரல்கள் ஏற்கெனவே மணிக்கணக்கில் மடங்கியே இருப்பவை. அவற்றுக்கு விரியும் பயிற்சிதான் வேண்டும். நாசி லெமாக் பொட்டலத்தில் வரும் ரப்பர் பேண்டை ஐந்து விரல்களையும் சுற்றி மாட்டி, விரித்து மூடினால் போதும். கோலின் பிடியில் துணி சுற்றிச் சற்றுத் தடிமனாக்குங்கள். மெல்லிய கம்பியைவிடத் தடித்த பிடியை நழுவாமல் வைத்திருக்கக் குறைந்த வலுவே போதும்.

மூச்சிலும் கவனம் வேண்டும். பாரம் தூக்கும்போது நாம் அறியாமலே மூச்சை அடக்குகிறோம். அடக்கிய மூச்சோடு வசனம் வராது, வந்தாலும் தொண்டையிலிருந்து நெரிந்து வரும். பாவையை உயர்த்திப் பிடித்தபடியே வசனத்தை மெல்லிய குரலில் சொல்லிப் பழகுங்கள். மெல்லச் சொல்ல முடிந்தால் மூச்சு ஓடுகிறது என்று அறியலாம். ஜொகூரின் புழுக்கத்தில், மூடிய திரைக்குள் வியர்வை அதிகம். தாகம் எடுக்கும்வரை காத்திருக்காமல், காட்சிக்குக் காட்சி இரண்டு மடக்கு நீர் குடிக்க வேண்டும்.

ஒத்திகையைக் கடைசி வாரத்தில் குவிப்பது பெரும் தவறு. தசை சில வாரங்களில் வலுவாகிவிடும். தசைநாண்கள் அதைவிட மெதுவாகவே பழகும், மாதக் கணக்கில் காலம் கேட்கும். மூன்று மாதத்துக்கு முன்பே தொடங்கி, முதலில் வெறுங்கை, பிறகு வெறும் கோல், அதன் பிறகு பாவை என்று ஏறுவது நல்லது. பிடிக்கும் நேரத்தை வாரத்துக்கு வாரம் சிறிது சிறிதாகக் கூட்டுங்கள். ஆட்டத்துக்கு முன் பத்து நிமிடம் தோளையும் மணிக்கட்டையும் சுழற்றிச் சூடேற்றுங்கள்.

எந்த வலிக்குப் பயப்பட வேண்டும்? பயிற்சிக்குப் பின் தசையில் பரவலாக வந்து இரண்டு மூன்று நாளில் அடங்கும் நோவு இயல்பானது. ஒரே புள்ளியில் குத்தும் வலி, இரவில் தூக்கத்தைக் கலைக்கும் தோள் வலி, விரல்களில் மதமதப்பு, பிடித்த பொருள் நழுவுவது ஆகியவை வேறு. அவை வந்தால் ஆட்டத்தை நிறுத்தி அரசாங்கக் கிளினிக்கிலாவது காட்ட வேண்டும். பொறுத்துக்கொள்வதைக் கலைப்பற்று என்று எண்ணிப் பல நல்ல கைகள் பாதியில் ஓய்ந்துபோகின்றன.

நடத்துபவர்களுக்கும் இதில் பொறுப்பு உண்டு. மறைப்புத் திரையின் உயரத்தை ஆட்டுபவரின் உயரத்துக்கு ஏற்பக் கட்டுங்கள். முழங்கை சற்று மடங்கியபடி பாவை தெரிந்தால் அதுவே சரியான அளவு. குட்டையான பிள்ளைக்கு ஓர் உறுதியான பலகை போடுங்கள். உட்கார்ந்து ஆட்டுபவருக்குத் தடித்த மணை கொடுத்தால் முழங்காலைவிட இடுப்பு சற்று உயர்ந்து நிற்கும், கால் மரத்துப்போவது குறையும். மின்விசிறி ஒன்று திரைக்குப் பின்னாலும் இருக்கட்டும். ஒரு பாத்திரத்துக்கு இருவரைப் பழக்கினால் கை மாற்றிக்கொள்ளலாம்.

களைத்த கையைப் பார்வையாளர் பார்ப்பதில்லை. ஆனால் பாவை அதைக் காட்டிக்கொடுத்துவிடும். கோல் பாவை மெல்ல மெல்லத் திரைக்குள் அமிழும், முழங்கால் மறையும், இடுப்பு மறையும். ஓடுவதும் சண்டையிடுவதும் கைக்கு அவ்வளவு கடினமில்லை. தசை அசைகிறது, இரத்தம் ஓடுகிறது. காட்டுக்குப் போகச் சொல்லும் சொல்லை இராமன் அசையாமல் நின்று கேட்கும் காட்சிதான் கடினம். அவன் நடுங்காமல் நிற்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான், திரைக்குப் பின்னால் நிற்பவர் மூன்று மாதமாகச் சுவரில் கை ஊன்றித் தண்டால் எடுத்திருக்கிறார்.