திறக்கறதுக்கு முன்னாடி ஓட்டிப் பாருங்கய்யா!

போன பதிவு போட்டு மூணு மாசம் ஆச்சு. சோம்பேறித்தனம்தான், வேற காரணம் இல்லை. இப்ப எழுத வச்சது எங்க மாமாவோட பழைய புல்டோசர். கவிதை எதிர்பார்த்து வந்தவங்க மன்னிக்கணும் :-)

மாமா சிவகங்கைப் பக்கம் கருவேலங்காட்டை அழிச்சு நிலம் சமன் பண்ணிக் கொடுக்கற வேலை எடுத்துச் செய்யறவர். வண்டிக்கு வயசு முப்பதுக்கு மேல. ஒருநாள் வலது பக்கம் திரும்ப மாட்டேன்னு அடம் பிடிச்சது. மெக்கானிக் வந்தார், லிவரை ரெண்டு தடவை ஆட்டினார், "ஸ்டீரிங் கிளட்ச் போச்சுங்க, இறக்கிர வேண்டியதுதான்" அப்படின்னார். இறக்கினாங்க. புது பிளேட் போட்டாங்க. மூணு வாரம் வண்டி சும்மா நின்னது, ஒரு லட்சத்துக்கு மேல செலவு. எல்லாம் மாட்டி ஓட்டினா, அதே கதை. வலது பக்கம் திரும்பல!

அடுத்து பழி யார் மேல விழும்? ஆபரேட்டர் மேலதான். "ஓட்டத் தெரியாம ஓட்டிக் கெடுத்துட்டான்." இருபது வருஷமா அதே சீட்ல உக்காந்திருக்கற மனுஷன். வேலையை விட்டே அனுப்பற நிலைமை வந்துடுச்சு.

இதைப் பார்த்தப்புறம் எனக்குத் தோணினது ஒண்ணுதான். பழைய டோசர் திரும்பலைன்னா, ஸ்பேனரைத் தொடறதுக்கு முன்னாடி அரைநாள் ஓட்டிப் பார்க்கணும். அந்த அரைநாளை மிச்சம் பிடிக்கறவங்கதான் லட்சக்கணக்குல விடறாங்க.

தெரியாதவங்களுக்கு ஒரு சின்ன விளக்கம். செயின் வண்டிக்கு ஸ்டீரிங் வீல் கிடையாது. 1904-ல கலிபோர்னியாவுல பெஞ்சமின் ஹோல்ட் தன் செயின் டிராக்டரை ஓட்டிப் பார்த்த காலத்துல, திருப்பறதுக்குன்னு முன்னாடி ஒரு சக்கரம் வச்சிருந்தாங்க. அப்புறம் அது போயிடுச்சு. மாமா வண்டி மாதிரி பழைய டோசர்கள்ல கியர்பாக்ஸ்ல இருந்து வர்ற சக்தி குறுக்குத் தண்டுல ரெண்டாப் பிரியும். இடதுக்கு ஒரு கிளட்ச், வலதுக்கு ஒரு கிளட்ச். லிவரை இழுத்தா அந்தப் பக்கத்து கிளட்ச் விடும், செயினுக்கு சக்தி போகாது. அதோட பிரேக்கையும் மிதிச்சா அந்த செயின் நிக்கும், இன்னொண்ணு ஓடும், வண்டி நின்ன பக்கமாத் திரும்பும். அவ்வளவுதான் சூட்சுமம்.

ஆக, வலது பக்கம் திரும்பலைன்னா அடிப்படைல ரெண்டே காரணம். ஒண்ணு, வலது கிளட்ச் விடல. இல்ல, வலது பிரேக் பிடிக்கல. இது ரெண்டுல எதுன்னு கண்டுபிடிக்க எதையும் கழட்ட வேண்டாம்.

சமதரைல, பக்கத்துல ஆள் இல்லாத இடத்துல, முதல் கியர்ல மெதுவா விடுங்க. ரெண்டு லிவரையும் முழுசா இழுங்க. ரெண்டு கிளட்சும் விட்டா வண்டி நின்னுடும். ஒரு பக்கம் மட்டும் இழுத்துக்கிட்டே போனா, அந்தப் பக்கம் விடலைன்னு அர்த்தம்.

அடுத்து, ஒரு லிவரை இழுத்து அதே பக்கத்து பிரேக்கை அழுத்துங்க. இப்ப கண்ணை விட காதுதான் முக்கியம். எஞ்சின் திணறினா, கிளட்ச் விடாம பிரேக்கோட மல்லுக்கட்டுது. எஞ்சின் திணறாம வண்டி மட்டும் திரும்ப மறுத்தா, பிரேக் பேண்டு தேஞ்சிருக்கணும், அட்ஜஸ்ட்மென்ட் போயிருக்கணும், இல்ல லைனிங்ல எண்ணெய் பட்டிருக்கணும்.

வண்டி தானா ஒரு பக்கம் இழுக்கறது வேற நோய். காலியா ஓடும்போது நேராப் போய், மண்ணைத் தள்ளும்போது மட்டும் இழுத்தா, இழுக்கற பக்கத்து கிளட்ச் வழுக்குதான்னு பாருங்க. காலியா ஓடினாலும் இழுத்தா, அந்தப் பக்கத்து பிரேக் உரசுதா, ரெண்டு செயினும் ஒரே டென்ஷன்ல இருக்கான்னு பாருங்க. பிளேடைக் கோணலா வச்சுத் தள்ளினாலும் வண்டி ஒதுங்கும். அதுக்கெல்லாம் கிளட்சைக் குறை சொல்லக்கூடாது.

இன்னொண்ணு, உயிர் விஷயம். இறக்கத்துல லிவரை மட்டும் இழுத்தா வண்டி எதிர்ப்பக்கம் திரும்பும். சக்தி அறுந்த செயின் எஞ்சின் பிடி இல்லாம வேகமா உருளும், அதான் காரணம். இது ரிப்பேர் இல்லை, வண்டியோட குணம். தெரியாம கரை மேல ஓட்டினா பள்ளத்துலதான் போய் விழணும்.

மாமா வண்டிக்கு வருவோம். ஆபரேட்டர் முதல் நாளே சொல்லியிருக்கார்: "வலது லிவர் பாதி தூரம் சும்மா வருதுங்க." யாரும் காதுல போட்டுக்கல. கடைசில ரெண்டு லிவரையும் இழுத்து ஓட்டினாங்க. இடது செயின் நின்னது, வலது இழுத்துக்கிட்டே போச்சு. ஃப்ளோர் பிளேட்டைத் தூக்கிப் பார்த்தா, லிவர்ல இருந்து கிளட்சுக்குப் போற கம்பியில ஒரு பின் தேஞ்சு, ஓட்டை முட்டை மாதிரி ஆகிக் கிடக்குது. லிவர் எவ்வளவு வந்தாலும் கிளட்ச் வரைக்கும் இழுவை போய்ச் சேரல. லேத்துல ஒரு பின் போட்டு, ஓட்டையைச் சரி பண்ணி, லிவரோட விளையாட்டைக் குறைச்சாங்க. ஒருநாள் வேலை. கழட்டிப் போட்ட பழைய பிளேட்டெல்லாம் நல்லாத்தான் இருந்துச்சு!

"எல்லாத்தையும் ஓட்டிப் பார்த்தே கண்டுபிடிக்க முடியுமா?" அப்படின்னு கேப்பீங்க. முடியாது. மழைல மாசக்கணக்கா நின்ன வண்டியில பிளேட் துருப்பிடிச்சு ஒட்டிக்கும். உலர் கிளட்ச் வண்டியில சீல் போய் எண்ணெய் உள்ள இறங்கும். அப்ப திறந்துதான் ஆகணும். ஆனா அப்பவும் எந்தப் பக்கம், எதுக்குன்னு தெரிஞ்சு திறக்கறது வேற, குருட்டாம்போக்குல திறக்கறது வேற. எண்ணெய் இறங்கியிருக்கான்னு பார்க்கக்கூட முதல்ல அடியில இருக்கற டிரெயின் பிளக்கைக் கழட்டினாப் போதும்.

மெக்கானிக்கைத் திட்டறது என் நோக்கம் இல்லை. அவருக்கும் நாலு வண்டி காத்துக்கிட்டிருக்கும். ஆனா தினம் பத்து மணி நேரம் அந்த லிவரைப் பிடிக்கற கைக்குத் தெரியறது, வெளில இருந்து பார்க்கற கண்ணுக்குத் தெரியாது. முதல் நாள் அந்த மனுஷன் சொன்ன ஒரு வரியைக் கேட்டிருந்தா மூணு வாரமும் மிச்சம், ஒரு லட்சமும் மிச்சம், அவர் மனசும் நோகாம இருந்திருக்கும்.

மாமா அவர்கிட்ட மன்னிப்பு கேட்கலை. கேட்கற ஆளும் இல்லை. சம்பளத்தை மட்டும் ஏத்திட்டார். அதுவே பெரிய விஷயம்!