அண்ணனுக்கு 20 சதவீதமா?

பிளஸ் டூ படிக்கும் என் பேத்தி பைதான் பழகுகிறாள். "ஏதாவது கணக்கு சொல்லுங்க தாத்தா" என்றாள். பென்ஷன்காரனுக்கு வேறென்ன கணக்கு தெரியும்? மத்திய அரசு ஓய்வூதியத்தில் 80 வயது நிறைந்தால் அடிப்படை ஓய்வூதியத்தில் 20 சதவீதம் கூடுதல். 85க்கு 30, 90க்கு 40, 95க்கு 50, நூறு நிறைந்தால் 100 சதவீதம். இதையே எழுதச் சொன்னேன்.

ஐந்தே நிமிடத்தில் எழுதிவிட்டாள். என் அண்ணனின் வயது 86ஐக் கொடுத்தோம். 20 சதவீதம் என்று வந்தது!

உடனே போனை எடுத்தாள். சரியான நிரலைத் தேடி ஒட்டிவிடலாமாம். போனை வாங்கி வைத்துக்கொண்டேன். இப்போது சொல்லித் தருபவர்கள் சிலரும் இதைத்தான் செய்கிறார்கள். "இப்படி மாத்திக்கோ" என்று தாங்களே திருத்திக் கொடுத்துவிடுகிறார்கள். எனக்கு இதில் சம்மதமில்லை. ஒரு முக்காற்புள்ளி விட்டுப்போனால் கணினியே கத்தும். நிபந்தனை தப்பானால் கத்தாது. சமர்த்தாக ஓடித் தப்பான தொகையைக் காட்டும். கணினி சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று நம் வயதுக்காரர்கள் வாங்கிக்கொண்டு போய்விடுவோம்.

ஒரு தாளும் பென்சிலும் கொடுத்தேன். 79, 80, 84, 85, 100 என்று எல்லையோர வயதுகளை எழுதி, ஒவ்வொன்றையும் வரிவரியாக நடத்திப் பார்க்கச் சொன்னேன். முதல் மூன்றும் சரி. 85ல் பென்சில் நின்றது. "ஐயோ தாத்தா, 85ம் 80க்கு மேலதானே!"

அதேதான். முதல் 'இஃப்' வரியில் 80ஐ வைத்திருந்தாள். கணினி மேலிருந்து பார்த்து வரும். பொருந்திய முதல் இடத்திலேயே வேலையை முடித்துக்கொள்ளும். கீழே இருக்கும் 'எலிஃப்' எதையும் திரும்பிப் பார்க்காது. நூறு வயதுப் பாட்டிக்கும் 20தான்! தானே வரிசையைத் தலைகீழாக்கி, நூறிலிருந்து இறங்கி வந்தாள்.

அடுத்து, 80 அல்லது 85 வயதானவர்களின் பட்டியல். அதில் 74 வயது நானும் இருந்தேன். நாம் பேசுகிற மாதிரியே 'வயது 80 அல்லது 85' என்று எழுதியிருந்தாள். பைதானுக்கு அந்த 85 தனியாக நிற்கும் ஓர் எண். பூஜ்ஜியம் அல்லாத எந்த எண்ணும் அதற்கு 'ஆம்'தான். அதனால் ஊரே உள்ளே வந்துவிட்டது. 'வயது' என்பதை இரண்டு பக்கமும் எழுத வேண்டும். இந்த முறை போனைத் தேடவில்லை, தாளைத்தான் எடுத்தாள்.

கடைசியில் அவள் கேட்டாள்: "பிறந்த நாள் மாசக் கடைசியில வந்தா, எந்தத் தேதியிலிருந்து தாத்தா கூடுதல்?"

அந்த மாதம் முதல் தேதியிலிருந்தே என்றேன். இன்னொரு 'இஃப்' எழுத உட்கார்ந்துவிட்டாள்.