சகுந்தலையை வடித்த கை

காளிதாசனின் சாகுந்தலத்தைப் படித்தவர்களுக்கு அதன் இறுதிக் காட்சி நினைவிருக்கும். தான் மறந்து கைவிட்ட மனைவியின் காலடியில் துஷ்யந்த மன்னன் விழுகிறான். அந்தக் காட்சியைச் சிலையாக வடித்து, 1888-ல் பாரிஸ் கலைக் கண்காட்சியில் வைத்தவர் ஒரு பிரெஞ்சுப் பெண்மணி. அப்போது அவருக்கு வயது 23. பெயர் கமீல் கிளாடெல். மண்டியிட்ட ஆண்மகனையும், அவன்மீது தளர்ந்து சாயும் பெண்ணையும் கண்ட நடுவர்கள் அதற்குப் பாராட்டு வழங்கினார்கள்.

இன்று உலகம் இந்த அம்மையாரை எப்படி அறிந்திருக்கிறது? பெரும் சிற்பி ரோடினின் மாணவி, ரோடினின் காதலி, பின்னர் சித்தம் கலங்கியவர். இவற்றில் எதுவும் பொய்யல்ல. ஆனால் இந்த அறிமுகத்தில் 'சிற்பி' என்ற சொல்லைக் காணோமே! அதுதான் நம் குறை.

கமீல் 1864-ல் பிறந்தவர். கலை பயில 1881-ல் பாரிஸுக்கு வந்தார். அரசாங்கக் கலைக் கல்லூரியின் கதவு அப்போது பெண்களுக்கு மூடிக் கிடந்தது. அது திறந்தது 1897-ல்தான். எனவே பணம் கட்டித் தனியார் பள்ளியில் படித்தார். பிறகு ரோடினிடம் பாடம் கேட்டு, அவரது பட்டறையிலேயே உதவியாளராகச் சேர்ந்தார். ரோடின் தமது சலவைக்கல் சிலைகளைப் பெரும்பாலும் கூலிக் கல்தச்சர்களைக் கொண்டே செதுக்குவித்தார். அது அக்கால வழக்கம். கமீலோ தாமே உளி பிடித்தவர். நான்கு பெண்கள் ஒரு மூலையில் கூடி வம்பு பேசும் சிறு சிற்பம் ஒன்றை, இறுகிய ஓனிக்ஸ் கல்லில் குடைந்து எடுத்தார். ஒருத்தி சொல்கிறாள், மூவர் காதைக் கொடுத்திருக்கிறார்கள். அவ்வளவுதான் விஷயம். புராணமும் இல்லை, வீரனும் இல்லை. தெருவில் தினம் காணும் காட்சியே சிற்பத்துக்குப் போதும் என்று காட்டியவர் அவர்.

'நடனம்' என்ற சிலைக்கு அரசாங்க ஆதரவு கேட்டபோது, ஆடையில்லாத உருவங்கள் ஆகாது, துணி போர்த்துங்கள் என்றார் பார்வையிட வந்த கலை அதிகாரி. கமீல் போர்த்தினார். அந்தத் துணியே சுழன்று, சிலைக்கு வேகம் கொடுத்தது. ஆனாலும் கேட்ட ஆதரவு கிடைக்கவில்லை. 'முதிர்ந்த பருவம்' என்ற சிலைத்தொகுதிக்கு 1895-ல் அரசு வேலை கொடுத்தது. 1899-ல் அதையும் கைவிட்டது. முதுமை ஓர் ஆணை இழுத்துச் செல்ல, இளமை மண்டியிட்டுக் கை நீட்டிக் கெஞ்சும் சிலை அது. ரோடின் தம்மைப் பிரிந்த சோகத்தைத்தான் அம்மையார் வடித்தார் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். இருக்கலாம். ஆனால் முதுமை யாரைத்தான் இழுத்துச் செல்லவில்லை? ஓர் ஆண் இதைச் செய்திருந்தால் மனித வாழ்வின் தத்துவம் என்போம். பெண் செய்தால் சொந்தக் கதை என்று சுருக்கிவிடுகிறோம்.

ரோடின் நமக்கு அந்நியர் அல்லர். சென்னை அருங்காட்சியகத்து நடராசர் திருமேனியைப் புகைப்படங்களில் கண்டு வியந்து, 1913-ல் கட்டுரை எழுதியவர். அதே 1913-ல்தான் கமீலின் உலகம் மூடப்பட்டது. மார்ச் தொடக்கத்தில் தந்தையார் காலமானார். மகளின் கலைக்குத் துணை நின்றவர் அவர். அவருடைய மரணச் செய்தி கூட மகளுக்குச் சொல்லப்படவில்லை. அந்த மாதம் 10-ந் தேதி, குடும்பத்தார் ஏற்பாட்டில் அவரை வீட்டிலிருந்து பிடித்துச் சென்று மனநோய் மருத்துவமனையில் சேர்த்தார்கள். இப்படிச் சேர்ப்பதற்கு அந்நாளைய பிரெஞ்சுச் சட்டம் வைத்த பெயர் 'விருப்பச் சேர்க்கை'. யாருடைய விருப்பம்?

நோய் இருந்தது உண்மை. ரோடின் தம் சிலைகளைத் திருட ஆள் வைத்திருக்கிறார் என்று கமீல் அஞ்சினார். தாமே வடித்தவற்றைத் தாமே உடைத்தார். சிகிச்சை தேவைதான். ஆனால் 30 ஆண்டுச் சிறை எதற்கு? வீட்டுக்கு அனுப்பிப் பார்க்கலாம் என்று 1920-ல் மருத்துவரே தாயாருக்கு எழுதினார். தாயார் மறுத்துவிட்டார். 1929-ல் சாகும்வரை ஒருமுறைகூட மகளை வந்து பார்க்கவில்லை. தம்பி பால் கிளாடெல் புகழ்பெற்ற கவிஞர், டோக்கியோவிலும் வாஷிங்டனிலும் பிரான்சின் தூதராக இருந்தவர். அவர் அக்காளைப் பார்க்க வந்த நாட்களை எண்ணிவிடலாம். மருத்துவமனையில் கமீல் ஒரு சிலையும் செய்யவில்லை. 1943 அக்டோபரில், 78 வயதில் இறந்தார். ஜெர்மானியர் ஆக்கிரமிப்பில் பிரான்சின் மனநோய் மருத்துவமனைகளில் பல்லாயிரம் பேர் பசியால் மடிந்த காலம் அது. அவரது எலும்புகள் பின்னர் பொதுக் குழிக்குப் போயின. இன்று அவருக்கென்று ஒரு கல்லறை இல்லை.

பழி முழுவதையும் ரோடின்மேல் போட்டுவிடுவது சுலபம். ஆனால் கமீலைப் பூட்டி வைத்தது ரோடின் அல்ல. பெற்ற குடும்பம். அதற்கு இடங்கொடுத்தது சட்டம். கேள்வி கேட்காமல் இருந்தது ஊர்.

இப்போது மரியாதைகள் குவிகின்றன. 1988-ல் அவர் கதை திரைப்படமானது. சிறுமியாக அவர் வாழ்ந்த நோழான் நகரில் 2017-ல் அவர் பெயரிலேயே அருங்காட்சியகம் திறந்தார்கள். பாரிஸில் பூட்டிக் கிடந்த ஒரு வீட்டில் அகப்பட்ட 'முதிர்ந்த பருவம்' வெண்கலச் சிலை, 2025-ல் 30 லட்சம் யூரோவுக்கு மேல் ஏலம் போனது. வாழ்ந்த காலத்தில் வாடகைக்கும் கல்லுக்கும் தவித்தவர் அவர்!

இதை அயல்நாட்டுக் கதை என்று படித்துவிட்டு மடித்து வைக்க முடியவில்லை. நம் நாட்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமும் 2017-ல் வந்ததுதான். குடும்பம் ஏற்கவில்லை என்ற ஒரே காரணத்துக்காக யாரையும் மருத்துவமனையில் வைத்திருக்கக் கூடாது என்று அது சொல்கிறது. இதைச் சட்டமாகவே எழுத வேண்டிய நிலை ஏன் வந்தது? குணமான பிறகும் அழைத்துப் போக ஆள் வராமல் வாசலைப் பார்த்துக் காத்திருப்போர் இங்கும் உண்டு என்பதால்தானே?

சகுந்தலையை மறந்த மன்னனுக்கு, ஒரு மோதிரம் கிடைத்ததும் நினைவு திரும்பியது. கமீல் விட்டுச்சென்ற சிலைகள் அத்தகைய மோதிரங்கள். அவரை நினைக்க அவை போதும். காத்திருக்கும் மற்றவர்களிடம் காட்டுவதற்கு ஒரு மோதிரமும் இல்லை. அவர்களை நாமாகத்தான் நினைக்க வேண்டும்.