சாக்கடை சொன்ன ரகசியம்!

குட்டீஸ், தெருவில் பாதாள சாக்கடை மூடியைத் திறந்தால் என்ன செய்வீர்கள்? மூக்கைப் பொத்திக்கொண்டு ஓடிவிடுவீர்கள்தானே? ஆனால், அந்தக் கழிவுநீரைப் பாட்டிலில் பிடித்து, குளிர்பெட்டியில் பத்திரமாக வைத்து, ஆய்வுக்கூடத்துக்குக் கொண்டு போகிறவர்களும் இருக்கிறார்கள். எதற்குத் தெரியுமா? ஊருக்குள் எந்த நோய்க்கிருமி நுழைந்திருக்கிறது என்று கண்டுபிடிக்கத்தான்!

"நோய் வந்தால் டாக்டர் கண்டுபிடித்துவிடுவாரே! சாக்கடையை எதற்குப் பார்க்க வேண்டும்?" என்று கேட்கிறீர்களா? நல்ல கேள்வி. வாருங்கள், பார்ப்போம்.

200 பேரில் ஒருவர்

போலியோ என்னும் இளம்பிள்ளை வாத நோயை எடுத்துக்கொள்வோம். அதை உண்டாக்கும் வைரஸ் வாய் வழியாக உடலுக்குள் போய், குடலில் பெருகும். பிறகு பல வாரங்களுக்கு மலத்தோடு வெளியேறிக்கொண்டே இருக்கும். தொற்று ஏற்பட்டவர்களில் பெரும்பாலோருக்கு எந்தத் தொந்தரவும் தெரியாது. வழக்கம்போல ஓடுவார்கள், விளையாடுவார்கள், பள்ளிக்கூடம் போவார்கள். ஏறக்குறைய 200 பேரில் ஒருவருக்குத்தான் கை, கால் செயலிழக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம்.

இப்போது ஒரு கணக்கு. ஓர் ஊரில் முதல் குழந்தை கால் செயலிழந்து ஆஸ்பத்திரிக்கு வருகிறது. அப்படியானால், அதற்குள் எத்தனை பேருக்குத் தொற்றியிருக்கும்? சுமார் 200 பேருக்கு! டாக்டருக்குத் தெரிய வரும்போது கிருமி ஊரையே ஒரு சுற்று சுற்றி வந்திருக்கும். செயலிழந்த காலைப் பழையபடி ஆக்க மருந்தும் கிடையாது.

ஆனால், அந்த 200 பேரும் தினமும் கழிப்பறைக்குப் போயிருப்பார்கள் அல்லவா? அங்கிருந்து குழாய் வழியாக அந்த வைரஸும் கழிவுநீர் சுத்திகரிப்பு நிலையத்துக்கு வந்திருக்கும். அங்கே எடுக்கும் கழிவுநீரில் கிருமி இருக்கிறதா, இருந்தால் அது எந்த வகை, எந்த நாட்டில் பரவும் கிருமிக்குச் சொந்தம் என்றுகூட ஆய்வுக்கூடத்தில் கண்டுபிடித்துவிடலாம். இதில் யாருடைய பெயரும் வெளியே வராது. 'இந்தப் பகுதியில் கிருமி இருக்கிறது' என்று மட்டும்தான் தெரியும்.

லண்டனில் அடித்த மணி

இங்கிலாந்தில் 2022ஆம் ஆண்டு இதுதான் நடந்தது. லண்டனின் பெக்டன் சுத்திகரிப்பு நிலையத்துக்குச் சுமார் 40 லட்சம் பேரின் கழிவுநீர் வருகிறது. அங்கே பிப்ரவரி முதல் எடுத்த மாதிரிகளில் போலியோ வைரஸ் திரும்பத் திரும்பத் தென்பட்டது. அவை ஒன்றுக்கொன்று சொந்தமாகவும் இருந்தன. யாரோ ஒரு பயணி வந்து போனதால் ஏற்பட்டது அல்ல, ஊருக்குள்ளேயே பரவுகிறது என்று விஞ்ஞானிகள் புரிந்துகொண்டார்கள்.

ஆகஸ்டில், லண்டனில் இருக்கும் 1 முதல் 9 வயது வரையிலான எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பூசி போட முடிவெடுத்தார்கள். அந்த வைரஸால் அங்கே ஒரு குழந்தைக்குக்கூடக் கை, கால் செயலிழக்கவில்லை.

அது எங்கிருந்து வந்தது? வாயில் ஊற்றும் சொட்டு மருந்தில் பலம் குறைக்கப்பட்ட வைரஸ் இருக்கிறது. அதுதான் நம் உடலுக்கு எதிர்ப்புச் சக்தியைக் கற்றுக்கொடுக்கிறது. ஆனால், தடுப்பு மருந்து கிடைக்காதவர்கள் அதிகமாக உள்ள இடத்தில் அது ஒருவரிடமிருந்து இன்னொருவருக்குப் போய்க்கொண்டே இருந்தால், மெல்ல மெல்ல மாறி, இழந்த பலத்தைத் திரும்பப் பெற்றுவிடும். அப்படி மாறிய வைரஸ்தான் இது. இதை நிறுத்தவும் ஒரே வழிதான்: எல்லாக் குழந்தைகளுக்கும் தடுப்பு மருந்து!

காஸாவில் அடித்த மணி

இரண்டு ஆண்டுகள் கழித்து, போர் நடந்துகொண்டிருந்த காஸாவிலும் இதே மணி அடித்தது. அங்கே 25 ஆண்டுகளாகப் போலியோ இல்லை. 2022இல் 99 சதவீதக் குழந்தைகளுக்குத் தடுப்பு மருந்து கிடைத்திருந்தது. 2023 அக்டோபரில் போர் தொடங்கியது. ஆஸ்பத்திரிகள் சேதமடைந்தன. கழிவுநீர்க் குழாய்கள் உடைந்து, மக்கள் நெருக்கியடித்துத் தங்கியிருந்த கூடாரங்களுக்கு நடுவே கழிவுநீர் ஓடியது. கிருமிக்குக் கேட்கவா வேண்டும்?

2024 ஜூன் மாதம் கான் யூனிஸ், டேர் அல் பலா ஆகிய இடங்களில் எடுத்த கழிவுநீரில் போலியோ வைரஸ் இருப்பது ஜூலையில் தெரிந்தது. ஆகஸ்டில், தடுப்பு மருந்து கிடைக்காத 10 மாதக் குழந்தை ஒன்றுக்குக் கால் செயலிழந்திருப்பது உறுதியானது. செப்டம்பர் 1ஆம் தேதிதான் பெரிய அளவில் சொட்டு மருந்து முகாம் தொடங்க முடிந்தது. அதற்காகக் குறிப்பிட்ட இடங்களில் சில மணி நேரம் சண்டையை நிறுத்த ஒப்புக்கொண்டார்கள். முதல் சுற்றில் 10 வயதுக்கு உட்பட்ட சுமார் 5 லட்சத்து 60 ஆயிரம் குழந்தைகளுக்கு மருந்து கிடைத்தது. அதன் பிறகும் கழிவுநீரில் வைரஸ் தென்பட்டதால், 2025 பிப்ரவரியில் மறுபடியும் முகாம் நடத்தினார்கள்.

இரண்டு ஊரிலும் சாக்கடை தன் வேலையைச் சரியாகச் செய்தது. முதல் நோயாளியை டாக்டர்கள் கண்டுபிடிக்கும் முன்பே எச்சரித்தது. ஆனால், மணி அடிப்பது மட்டும் யாரையும் காப்பாற்றாது பாருங்கள்! மணிச்சத்தம் கேட்டதும் மருந்தோடு வீடு வீடாகப் போக முடிய வேண்டும். அதற்கு ஆஸ்பத்திரியும், நல்ல சாலையும், எல்லாவற்றுக்கும் மேலாக அமைதியும் வேண்டும்.

நம் நாட்டில்?

மும்பையில் 2001ஆம் ஆண்டிலிருந்தே கழிவுநீரில் போலியோவைத் தேடி வருகிறார்கள். இந்தியாவில் இயற்கையான போலியோ வைரஸால் கடைசியாகப் பாதிக்கப்பட்டது, 2011 ஜனவரியில் மேற்கு வங்காளத்தின் ஹவுரா மாவட்டத்துக் குழந்தை. 2014 மார்ச் 27 அன்று இந்தியா போலியோ இல்லாத நாடு என்ற சான்றிதழைப் பெற்றது. 'நோயாளி யாரும் இல்லை' என்று ஆஸ்பத்திரி சொன்னால் மட்டும் போதாது, 'கிருமியும் இல்லை' என்று சாக்கடையும் சொல்ல வேண்டும். கொரோனா காலத்தில் ஹைதராபாத் உள்ளிட்ட நகரங்களில் இதே முறையில் அந்த வைரஸையும் தேடினார்கள்.

இதில் ஒரு குறையும் உண்டு. பாதாள சாக்கடை இல்லாமல், வீட்டுக்கு வீடு செப்டிக் டேங்க் இருக்கும் ஊர்களில் எல்லோருடைய கழிவுநீரும் ஓரிடத்தில் சேராது. அங்கே இந்தத் துப்பறியும் வேலை கடினம். உலகத்தில் அப்படிப்பட்ட ஊர்கள்தான் நிறைய!

குட்டீஸ், வீட்டில் தம்பி, தங்கை இருக்கிறார்களா? அவர்களுடைய தடுப்பூசி அட்டையை அம்மாவிடம் கேட்டு வாங்கிப் பாருங்கள். ஏதாவது விட்டுப்போயிருந்தால் உடனே நினைவுபடுத்துங்கள். மணி அடிக்கும் முன்பே கதவைத் தாழிட்டு வைப்பது புத்திசாலித்தனம்தானே?