கெல்லி மாளிகையில் பேயைத் தேடாதீர்கள்



பேரா மாநிலம் பத்து காஜாவுக்கு அருகிலுள்ள கெல்லி மாளிகைக்கு என் மாணவர்களைக் கல்விச் சுற்றுலா அழைத்துச் சென்றேன். திரும்பியதும் கட்டுரை எழுதப் பணித்தேன். 26 கட்டுரைகள் வந்தன. அவற்றுள் 21 கட்டுரைகளில் பேய் இருந்தது. அம்மாளிகையைக் கட்டிய தமிழர் ஒரு கட்டுரையிலும் இல்லை.

குற்றம் பிள்ளைகளுடையது அன்று, என்னுடையது. பேருந்தில் அவர்கள் சத்தமிடாமல் அமர்ந்திருக்க வேண்டும் என்பதற்காக, துரையின் ஆவி இரவில் உலவுவதாகக் கதை சொன்னவன் நானே.

சொல்லியிருக்க வேண்டியது வேறு. ஸ்காட்லாந்தில் 1870-இல் பிறந்த வில்லியம் கெல்லி ஸ்மித், தம் 20-ஆம் வயதில் மலாயாவுக்கு வந்தார். காட்டை அழித்து இரப்பர்த் தோட்டம் கண்டு செல்வந்தரானார். 1915-இல் தம் பழைய வீட்டுக்கு அருகிலேயே இப்பெரிய மாளிகையைக் கட்டத் தொடங்கினார். அதற்கான தொழிலாளர்கள் சென்னை மாகாணத்திலிருந்து வந்த தமிழர்கள். ஆறு மாடிக் கோபுரம், மின்தூக்கிக்கான இடம், பசும்புல் தோட்டம் என்று நாம் வியந்து படம் எடுக்கும் ஒவ்வொன்றிலும் அவர்களின் வியர்வை உண்டு.

முதல் உலகப் போர் முடியும் காலத்தில் உலகையே உலுக்கிய நச்சுக் காய்ச்சல் அங்கும் வந்தது. தொழிலாளர்கள் பலர் மாண்டனர் என்பர். எஞ்சியவர்கள், மாரியம்மனுக்குக் கோயில் வேண்டும் என்று துரையிடம் கேட்டனர். அவரும் இசைந்தார். மாளிகையிலிருந்து சற்றுத் தொலைவில் அக்கோயில் இன்றும் இருக்கிறது. அதன் மேலே, தெய்வச் சிலைகளுக்கிடையே, தொப்பியணிந்த துரையின் சிலையும் நிற்கிறது. 1926-இல் ஸ்மித் லிஸ்பனில் காலமானார். மாளிகை முடிவுறாமலே நின்றுவிட்டது. கோயிலோ முடிந்தது, அதில் வழிபாடும் நடக்கிறது.

இப்படியொரு வரலாறு கண்முன்னே இருக்க, நமக்குப் பேய் எதற்கு?

"பேய்க்கதை சொன்னால்தான் பிள்ளைகள் கேட்கிறார்கள்; வரலாறு சொன்னால் கொட்டாவி விடுகிறார்கள்" என்று சக ஆசிரியர்கள் சொல்கிறார்கள். நானும் அப்படித்தான் நம்பியிருந்தேன். மறு ஆண்டு சென்றபோது பிள்ளைகளை முதலில் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். மேலே பார்த்த ஒரு மாணவி, "ஐயா, தொப்பி போட்டிருக்கிறாரே, அவர் எந்தச் சாமி?" என்று கேட்டாள். அந்த ஒரு கேள்வியிலிருந்து கப்பல், தோட்டம், காய்ச்சல், சாவு, கோயில் அனைத்தும் வரிசையாக வந்தன. ஒருவரும் கொட்டாவி விடவில்லை. 2020-இல் நடமாட்டக் கட்டுப்பாட்டில் வீட்டுக்குள் அடைந்து கிடந்த நமக்கு, தொற்றுநோயின் அச்சத்தைப் பிள்ளைகளுக்கு விளக்க முடியாதா என்ன?

துரையைத் தூற்றச் சொல்லவில்லை. அவர் பெயரை மாளிகை சுமக்கிறது; அவருக்குக் குறையொன்றும் இல்லை. கல் சுமந்தவர்களைச் சொல்ல நம்மை விட்டால் யார்? அவர்கள் உயிரிழந்த இடத்தைப் பேய் பார்க்கும் இடமாக்கி, அவர்களுடைய பேரப்பிள்ளைகளின் தலைமுறையையே அங்கு கூச்சலிட விடுவது முறையா?

ஆசிரியர்களே, அடுத்த முறை பயணத் திட்டத்தில் கோயிலையும் சேருங்கள். கோயிலைப் பார்த்த பின் மாளிகைக்குச் செல்லுங்கள். பெற்றோர்களே, பிள்ளை வீடு திரும்பியதும் "பேயைப் பார்த்தாயா?" என்று கேட்காதீர்கள். "யார் கட்டினார்கள்?" என்று கேளுங்கள். உங்கள் தாத்தா பாட்டி எந்தத் தோட்டத்தில் பால்மரம் வெட்டினார்கள் என்பதையும் அன்றிரவே சொல்லுங்கள்.

அந்த 26 கட்டுரைகளையும் இன்னும் வைத்திருக்கிறேன். மறு ஆண்டின் கட்டுரைகளும் அவற்றோடு இருக்கின்றன. அவற்றிலும் இரண்டில் பேய் வருகிறது. பரவாயில்லை, மற்றவற்றில் மனிதர்கள் வந்துவிட்டார்கள்.