ஒத்தை பர்னர் வீடுகள்

டிவி ரிமோட் வேலை செய்யவில்லை என்றால் அன்று சாயங்காலத்துக்குள் புது பேட்டரி வந்துவிடும். பைக் பஞ்சர் என்றால் ஆபீஸுக்கு பர்மிஷன் போட்டாவது ஒட்டிவிடுவார்கள். கேஸ் அடுப்பில் ஒரு பர்னர் எரியவில்லையா? ஆறு மாதம் ஆனாலும் அப்படியே கிடக்கும். "அதான் இன்னொண்ணு எரியுதுல்ல?" இந்தக் கேள்வியை உறவுக்காரர் வீடுகளில், சிநேகிதிகளின் வீடுகளில், நான் வாடகைக்கு இருந்த வீடுகளின் கீழ்த்தளங்களில் என்று எல்லா இடத்திலும் கேட்டாயிற்று. கேட்கிறவர் அந்த அடுப்பில் சமைப்பவராக ஒருமுறைகூட இருந்ததில்லை.

ஒரு பர்னர் போனால் என்ன ஆகும் என்று சமைக்காதவர்களுக்குச் சொல்ல வேண்டியிருக்கிறது. குக்கர் இறங்கினால்தான் குழம்பு ஏறும். குழம்பு இறங்கினால்தான் பொரியல். நடுவில் யாருக்காவது காபி வேண்டும் என்றால் எல்லாவற்றையும் இறக்கி வைத்துவிட்டுப் பால் காய்ச்ச வேண்டும். ஏழரை மணி ஸ்கூல் வேனுக்கு டிபன் பாக்ஸ் கட்ட ஆறு மணிக்கு எழுந்தவள் இனி ஐந்தேகாலுக்கு எழுவாள். யாரிடமும் சொல்ல மாட்டாள். அலாரத்தை மட்டும் மாற்றி வைத்துக்கொள்வாள். ஆக, ரிப்பேர் செலவை அந்த வீடு மிச்சம் பிடிக்கவில்லை. தினமும் முக்கால் மணி நேரத் தூக்கமாக ஒருத்தியிடமிருந்து வசூலித்துக்கொண்டிருக்கிறது.

இதைச் சோம்பேறித்தனம் என்று சொல்லி முடித்துவிட எனக்கு மனமில்லை. சோம்பேறித்தனம் என்றால் பைக்கும் அல்லவா ஆறு மாதம் கிடக்க வேண்டும்?

வேடிக்கை என்னவென்றால், வீட்டில் இருக்கும் எந்திரங்களிலேயே ஆக எளிமையானது இந்த அடுப்புதான். மோட்டார் கிடையாது, சர்க்யூட் கிடையாது. சிலிண்டருக்குள் அழுத்தத்தில் திரவமாக இருக்கும் எரிவாயு ஆவியாகி ரெகுலேட்டருக்கு வருகிறது. ரெகுலேட்டர் அந்த அழுத்தத்தை ஏறக்குறைய 30 மில்லிபாருக்குக் குறைத்து டியூபுக்கு அனுப்புகிறது. நாபைத் திருகினால் மெக்கானிக்குகள் 'காக்' என்று சொல்லும் பித்தளை வால்வு திறக்கும். அதன் முனையில் ஜெட். ஊசிமுனை அளவு ஓட்டை போட்ட சின்னப் பித்தளைத் திருகு, அவ்வளவுதான். அதிலிருந்து சீறி வரும் வாயு பர்னரின் கழுத்துக் குழாய்க்குள் நுழையும்போது பக்கத்துக் காற்றையும் இழுத்துக்கொண்டு போகிறது. பள்ளிக்கூட லேபில் பார்த்த பன்சன் பர்னர் ஞாபகம் இருக்கிறதா? அதேதான். காற்று போதுமான அளவு கலந்தால் தீ நீலமாக எரியும். போதவில்லை என்றால் முழுசாக எரியாத கரித்துகள் சூட்டில் ஒளிர்ந்து மஞ்சளாகத் தெரியும். பாத்திரத்தின் அடியில் பிடிக்கிற கரி அந்தத் துகள்தான். அரைகுறையாக எரிகிற தீயில் கார்பன் மோனாக்சைடும் வரும். ஜன்னல் இல்லாத சமையலறையில் அதை யார் மூச்சில் இழுக்கிறார்கள் என்று தனியாகச் சொல்ல வேண்டுமா?

மதுரையில் படித்த காலத்தில், ஹாஸ்டலை விட்டு வெளியே வந்து நாலு பெண்களாக வீடெடுத்திருந்தோம். தெருமுனையில் ஒரு ஸ்டவ் ரிப்பேர் கடை. கடை என்றால் ஒரு ஷட்டர், ஒரு ஸ்டூல், மேலே கயிற்றில் கோத்துத் தொங்கும் பழைய பர்னர்கள். அங்கே இருந்த பெரியவர் அடுப்பைத் தொடுவதற்கு முன்னால் ஒரு கேள்வி கேட்பார். "ஒரு பர்னரா, எல்லாமா?" பாதி நோய் அந்தக் கேள்வியிலேயே பிடிபட்டுவிடும். ஒன்று மட்டும் மந்தமாக எரிந்தால் கோளாறு அந்த பர்னரிலோ அதன் ஜெட்டிலோ இருக்கிறது. எல்லாமே மந்தம் என்றால் அடுப்பைத் திறக்கவே வேண்டாம். சிலிண்டர் தீரப்போகிறது, இல்லையென்றால் ரெகுலேட்டர், இல்லையென்றால் டியூப் எங்கோ மடங்கிக் கிடக்கிறது. "இதுக்குப் போயா அடுப்பச் சுமந்துட்டு வந்த, ஆத்தா? வீட்டுக்குப் போயி டியூப நிமித்திப் பாரு" என்று ஒரு பெண்ணைக் காசு வாங்காமல் திருப்பி அனுப்பியதை நானே பார்த்திருக்கிறேன்.

சாயங்காலங்களில் அந்தக் கடையில் நின்று பார்த்ததில் எனக்கு ஒன்று தெளிவாகப் புரிந்தது. அடுப்பு ரிப்பேர் என்பதில் பெரும்பகுதி கழுவுவதுதான். பால் பொங்கி வழிந்து பர்னரின் ஓட்டைகளை அடைத்திருக்கும். ஊசியால் குத்தி எடுக்க வேண்டும். கழுத்துக் குழாய்க்குள் எட்டுக்கால் பூச்சி வலை கட்டியிருக்கும், எறும்பு செத்துக் கிடக்கும். மெல்லிய பிரஷ் விட்டுத் தள்ள வேண்டும். பித்தளை மூடி என்றால் புளித்தண்ணீரில் ஊறப்போட்டுத் தேய்க்க வேண்டும். குத்துவிளக்குக்குப் போடுகிற அதே புளி. நன்றாகக் காய்ந்த பிறகுதான் திரும்ப மாட்ட வேண்டும், ஈரம் இருந்தால் தீ விட்டு விட்டு எரியும். மூடி சரியாக உட்காரவில்லை என்றால் இடுக்கு வழியே தீ கிளம்பும். சில சமயம் 'டப்' என்று உள்வாங்கி ஜெட் வாயிலேயே எரியும், உடனே நாபை மூடிவிட வேண்டும். உப்புத் தண்ணீர் வழிந்ததும் தீ கொஞ்ச நேரம் ஆரஞ்சாக எரிந்தால் அதற்குப் பயப்பட வேண்டாம், அது உப்பில் இருக்கும் சோடியத்தின் நிறம். சிம்மில் வைத்தால் அணைந்துவிடுகிறதா? முதலில் ஃபேன் காற்று படுகிறதா என்று பாருங்கள். அதுவும் இல்லையென்றால் காக்கில் சிம்முக்கென்று இருக்கும் நுண்ணிய வழி காய்ந்த கிரீஸால் அடைபட்டிருக்கலாம். அது மெக்கானிக் வேலை.

இந்தப் பட்டியலில் கடைசி ஒன்றைத் தவிர மீதி எதை நம் அம்மாக்கள் செய்யாமல் இருக்கிறார்கள்? வெள்ளிக்கிழமை தோறும் பர்னரைக் கழற்றித் தேய்க்கிறார்கள். ஆனால் அவர்கள் செய்தால் அதற்குப் பெயர் 'அடுப்பு கழுவுறது'. பையில் ஸ்க்ரூ டிரைவரோடு ஒருத்தர் வந்து அதையே செய்தால் அதற்குப் பெயர் 'சர்வீஸ்', கையில் பில் கொடுப்பார். வேலை ஒன்றுதான். ஸ்க்ரூ டிரைவர் நம் வீட்டிலும் இருக்கிறது. ஆனால் அது பைக் டூல் பாக்ஸில், அப்பாவின் ஷெல்ஃபில், 'எடுத்தா எடுத்த இடத்துல வைக்க மாட்டீங்க' என்ற எச்சரிக்கையோடு இருக்கிறது.

பெண்களுக்கு எந்திரம் வராது என்று இந்தத் தலைமுறையில் சொல்பவர்கள் பம்ப் ஸ்டவ்வைப் பார்க்காதவர்கள். என் பாட்டி தினமும் அதை ஏற்றினாள். தலையைச் சூடுபடுத்தி, பம்ப் அடித்து, தீ எழும்பாவிட்டால் தகரப் பிடியில் மெல்லிய கம்பி வைத்த 'ஸ்டவ் பின்' எடுத்து நாசிலைக் குத்தி, பம்பின் தோல் வாஷர் காய்ந்தால் எண்ணெய் விட்டு நனைத்து, எல்லாம் அவளே. ஸ்டவ் பின் பெட்டிக்கடையில் கிடைத்தது. அந்தப் பழக்கத்தில்தான் இன்றும் பல வீடுகளில் கேஸ் ஜெட்டையும் ஊக்கால் குத்துகிறார்கள். அது கூடாது. ஜெட்டின் ஓட்டை அளவெடுத்துப் போட்டது. ஊக்கு அதைப் பெரிதாக்கினால் வாயு கூடும், அதற்கேற்ற காற்று சேராது, தீ மஞ்சளாகும், சிலிண்டர் சீக்கிரம் தீரும். 'தீ நல்லா வரும்மா' என்று வேண்டுமென்றே ஜெட்டைப் பெரிதாக்கித் தருகிற மெக்கானிக்குகளும் உண்டு. அவர்களை வாசலோடு அனுப்பிவிடுங்கள்.

பம்ப் ஸ்டவ் என்றதும் இதைச் சொல்லாமல் தாண்ட முடியவில்லை. 1980களின் செய்தித்தாள்களில் 'ஸ்டவ் வெடித்து இளம்பெண் பலி' என்பது வழக்கமான ஒரு தலைப்பு. உண்மையான விபத்துகளும் நடந்தன. அதிகமாகப் பம்ப் அடித்தால், சூடாக இருக்கும்போதே மண்ணெண்ணெய் ஊற்றினால் அது ஆபத்தான சாமான்தான். ஆனால் பல வீடுகளில் அந்த ஸ்டவ், புதிதாகக் கல்யாணமாகி வந்த மருமகளைத் தேடித்தான் வெடித்தது. 1986இல் இந்தியத் தண்டனைச் சட்டத்தில் வரதட்சணை மரணத்துக்கென்று 304பி பிரிவைச் சேர்க்க வேண்டிவந்தது. அந்த வீடுகளில் சொல்லப்பட்ட சாக்கை யோசித்துப் பாருங்கள். 'அவளுக்கு ஸ்டவ் பத்த வைக்கத் தெரியல.' பத்து வயதிலிருந்து ஸ்டவ் பற்றவைத்தவளைப் பற்றி இப்படிச் சொன்னால் ஊர் நம்பியது. பெண்ணுக்கு எந்திரம் தெரியாது என்பது நாம் ஜோக் அடிக்கிற விஷயம் மட்டும் அல்ல. போலீஸ் ஸ்டேஷனில் சாட்சியாகவும் அது நின்றிருக்கிறது.

பிறகு கேஸ் வந்தது. 2006இல் ஆட்சிக்கு வந்த திமுக அரசு ஏழைக் குடும்பங்களுக்கு இலவச கேஸ் அடுப்பு கொடுத்தது. 2016இல் ஒன்றிய அரசு உஜ்வலா திட்டத்தைத் தொடங்கி, இணைப்பைப் பெண்ணின் பெயரிலேயே கொடுத்தது. விறகுப் புகையிலிருந்து எத்தனை நுரையீரல்களை இது காப்பாற்றியிருக்கும் என்பதில் எனக்குச் சந்தேகமே இல்லை. விறகடுப்பு மீன்குழம்பின் ருசியைப் பற்றி ஏங்கி எழுதும் ஆண் எழுத்தாளர்கள் ஒரு வாரம் ஊதுகுழலை எடுத்து ஊதிவிட்டு அடுத்த கட்டுரையை எழுதட்டும். என் புகார் வேறு. புத்தகத்தில் அவள் பெயர் இருக்கிறது. சிலிண்டரின் சீலை உடைத்து மாட்டுவதற்கு மட்டும் 'அவர் வரட்டும்' என்று காத்திருக்கிறாள்.

இந்தக் காத்திருப்பில் வியாபாரம் செய்யக் கிளம்பியவர்கள் இருக்கிறார்கள். பகல் பதினொரு மணி, ஆண்கள் இல்லாத நேரம். கழுத்தில் ஒரு அட்டையைத் தொங்கவிட்டுக்கொண்டு 'கேஸ் ஆபீஸிலிருந்து செக்கிங்' என்று வருவார்கள். எங்கள் வீட்டுக்கும் வந்தார்கள். டியூப் வெடித்துவிடும் என்று என் அம்மாவைப் பயமுறுத்தினார்கள். அம்மா ஆரஞ்சு டியூபைத் திருப்பி, அதில் அச்சிட்டிருந்த தேதியைக் காட்டி, "இன்னும் ரெண்டு வருஷம் இருக்குல்ல தம்பி?" என்றாள். வந்தவன் அடுத்த வீட்டுக்குப் போய்விட்டான். எரிவாயு விஷயத்தில் பயத்தைத்தான் எல்லோரும் அவளுக்குக் கற்றுக்கொடுத்திருக்கிறார்கள், தேதி எங்கே இருக்கிறது என்று யாரும் சொல்லித்தரவில்லை.

'கேஸ் விளையாட்டா? ஏதாவது ஆச்சுன்னா?' என்று கேட்பீர்கள். நியாயம். அதனால்தான் கோடு எங்கே என்று தெரிந்திருக்க வேண்டும் என்கிறேன். ரெகுலேட்டரை மூடி, பர்னர் ஆறிய பிறகு மூடி, பர்னர், கழுத்துக் குழாய் இவற்றைக் கழற்றிச் சுத்தம் செய்வது வீட்டு வேலை. காக், ரெகுலேட்டர், சிலிண்டர் வாய் இவற்றில் கை வைப்பது மெக்கானிக் வேலை. இறுகிய நாபுக்குத் தேங்காய் எண்ணெய் விடாதீர்கள், சூட்டில் பிசினாகி இன்னும் இறுகும். கசிவு சந்தேகம் என்றால் சோப்புத் தண்ணீர் தடவிக் குமிழி வருகிறதா என்று பாருங்கள், தீக்குச்சி கிழிக்காதீர்கள். நாற்றம் பலமாக இருந்தால் அந்தப் பரிசோதனையும் வேண்டாம். ரெகுலேட்டரை மூடுங்கள், கதவு ஜன்னலைத் திறங்கள், எந்த ஸ்விட்சையும் போடவும் வேண்டாம் அணைக்கவும் வேண்டாம், வெளியே வந்து 1906க்கு ஃபோன் செய்யுங்கள். வாயு காற்றைவிடக் கனமானது, தரையோடுதான் தேங்கும்.

கண்ணாடி அடுப்புகளைப் பற்றி ஒரு வார்த்தை. பளபளப்பாக இருக்கிறது, துடைக்க எளிது என்று விற்றார்கள். துடைக்கிறவள் யார் என்று அவர்களுக்கும் தெரியும். மேலே இருப்பது உறுதியாக்கிய கண்ணாடி. அதைச் செய்து முடித்த பிறகு வெட்ட முடியாது, அளவெடுத்தே செய்ய வேண்டும். உடைந்தால் தெருமுனைக் கடையில் வெட்டிப் போட வழியில்லை. ஸ்டீல் அடுப்பு நெளிந்தால் தட்டி எடுக்கலாம். நான் இன்னும் ஸ்டீல் அடுப்புதான் வைத்திருக்கிறேன்.

இன்னொரு ஆபத்தும் தெரிகிறது. இதைப் படித்துவிட்டு 'பெண்களே, அடுப்பு ரிப்பேர் கற்றுக்கொள்ளுங்கள்' என்று யாராவது ரீல் போடுவார்கள். சமையல், பாத்திரம், இப்போது மெக்கானிக் வேலையுமா? நான் பேசுவது அவளிடம் அல்ல. அந்த அடுப்பில் வெந்ததைத் தின்று வளர்ந்து, இப்போது சென்னையிலோ பெங்களூரிலோ உட்கார்ந்து 'அம்மா சமையல்' என்று கவிதை எழுதும் உங்களிடம்.

தீபாவளிக்கு ஊருக்குப் போவீர்கள். பாத்திரங்களின் அடியைத் திருப்பிப் பாருங்கள், எதில் புதுக்கரி இருக்கிறது என்று. எத்தனை பர்னர் எரிகிறது, எது எத்தனை நாளாக எரியவில்லை என்று அம்மாவிடம் கேளுங்கள். 'அது கெடக்கு விடுடா' என்பாள். விடாதீர்கள். பலகாரமெல்லாம் சுட்டு முடித்து அடுப்பு ஆறிய ராத்திரியில் ரெகுலேட்டரை மூடிவிட்டுக் கழற்றுங்கள், புளியில் ஊறப்போடுங்கள், காலைக்குள் காயட்டும். டியூபைத் திருப்பித் தேதியைப் படியுங்கள். தாண்டியிருந்தால் ஃபோட்டோ எடுத்து ஃபேமிலி குரூப்பில் போட வேண்டாம். ஏஜென்சி திறந்ததும் போய்ப் புது டியூப் வாங்கிக்கொண்டு வாருங்கள்.